லிஃப்ட் பண்ணின டிரக்குக்கு ஏர் பேக்: காசை எடுக்கிறதுக்கு முன்னாடி டிரைவர் கதவைத் திறந்து பாருங்க



அமெரிக்காவுல வேலைக்குப் போற நம்ம ஆளுங்க முதல்ல வாங்குறது ஒரு கேம்ரி, இல்லைன்னா அக்கார்டு. நாலஞ்சு வருஷம் போனா, அதுவும் டெக்சாஸ் பக்கம் இருந்தா, பிக்கப் டிரக் ஆசை வரும். செகண்ட் ஹேண்ட்ல ஒரு எஃப்-150, ஏற்கனவே 4 இன்ச் தூக்கி, பெரிய டயர் போட்டு கம்பீரமா நிக்கும். அடுத்து ஒரு கேம்பர் டிரெய்லர். அதை மாட்டின உடனே டிரக்கோட பின்பக்கம் உக்காந்துரும். ஹெட்லைட் எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும், ஸ்டீயரிங் லேசா மிதக்குற மாதிரி இருக்கும்.

உடனே எல்லாரும் தேடுறது ஏர் பேக். கிட், ஸ்பேசர், கம்ப்ரெஸர், மாட்டுற கூலின்னு எல்லாம் சேர்ந்தா 1,000 டாலரைச் சுலபமா தாண்டிடும். போட்டதும் டிரக் நேரா நிக்கும். ஆனா நேரா நிக்கிறதும், அந்த எடையைத் தாங்குறதும் ஒண்ணு இல்லைங்க.

டிரைவர் கதவைத் திறந்தா, தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு அதுல எழுதியிருக்கும். அதுதான் பேலோடு. உங்க ஸ்டிக்கர்ல 1,500 பவுண்டுன்னு வச்சுக்குவோம். சம்பளத்துல இருந்து ஒவ்வொரு செலவா கழிக்கிற மாதிரி கழிப்போம். நீங்க, மனைவி, ரெண்டு பசங்க: 600. லோடு ஏத்தின கேம்பர் 6,000 பவுண்டுன்னா, ஹிட்ச் மேல அழுத்துற எடை பொதுவா அதுல 10-ல இருந்து 15 சதவீதம். 13-ன்னு எடுத்தா 780. ஹிட்ச் இரும்பு 100. பின்னாடி ஐஸ் பாக்ஸ், ஜெனரேட்டர் 150. கம்பெனியை விட்டு வந்தப்புறம் ஏத்தின லிஃப்ட் கிட், பெரிய டயர் எல்லாம் கூடுதல் எடை, அதுக்கு ஒரு 150. மொத்தம் 1,780. அதாவது 280 பவுண்டு ஓவர்.

ஏர் பேக் போட்டா இந்த 1,500 என்பது 1,800 ஆகாது. கிட் பெட்டி மேல 5,000 பவுண்டுன்னு பெருசா போட்டிருக்கும். அது அந்தப் பை தூக்குற திறன். ஆக்ஸில், பேரிங், டயர், பிரேக் எதுவும் மாறலையே! உக்காந்திருந்த டிரக் “லோடு ஜாஸ்தி”ன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. பேக் போட்டு அதோட வாயை மூடிட்டோம், அவ்வளவுதான்.

ஊகிக்க வேண்டாம், எடை போட்டுருங்க. நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல் இருக்கும், சுமார் 15 டாலர்தான். குடும்பம், சாமான், டிரெய்லரோட ஏறினா முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரெய்லர் ஆக்ஸில்னு தனித்தனியா சீட்டு வரும். பின் ஆக்ஸில் எடையை அதே கதவுத் தூண்ல இருக்குற ஆக்ஸில் லிமிட்டோட ஒப்பிடுங்க. டிரெய்லர் இல்லாம இன்னொரு தடவை எடை போட்டா, முன் ஆக்ஸில்ல இருந்து எவ்வளவு குறையுதுன்னும் தெரியும். ஸ்டீயரிங் லேசாகிற காரணம் அதுதான். இதை ஏர் பேக் சரி பண்ணாது. வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச்தான் எடையை முன்னாடி திருப்பி அனுப்பும். பட்ஜெட்ல ஒண்ணுக்குத்தான் இடம்னா என் ஓட்டு அந்த ஹிட்சுக்கே.

எடை லிமிட்டுக்குள்ள இருக்கு, ஆனாலும் கொஞ்சம் உக்காருது. இப்போ சப்போர்ட் வாங்கலாம். வருஷத்துக்கு மூணு நாலு ட்ரிப்தான்னா, சஸ்பென்ஷன் முட்டுற இடத்துல மாட்டுற ரப்பர் ஹெல்பர் போதும். காத்து லீக், கம்ப்ரெஸர் ரிப்பேர்னு எந்தத் தலைவலியும் இல்லை. லோடு ஒவ்வொரு வாரமும் மாறுதுன்னா ஏர் பேக் நல்லது, தேவைக்கு ஏத்த மாதிரி காத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கூடுதலா ஒரு ஸ்பிரிங் பட்டை சேர்க்கிறது விலை கம்மி, ஆனா காலி டிரக்ல தினமும் ஆபீஸ் போறப்போ முதுகு சொல்லும்.

லிஃப்ட் பண்ணின வண்டியில நிறைய பேர் காசு விடுற இடம் ஒண்ணு இருக்கு. பின்னாடி 4 இன்ச் பிளாக் வச்சுத் தூக்கியிருந்தா, ஃப்ரேமுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல இடைவெளி 4 இன்ச் கூடியிருக்கும். ஸ்டாக் வண்டிக்கான ரப்பர் ஹெல்பர் அங்க எட்டவே எட்டாது. ஸ்டாக் ஏர் பேக்கோ அளவுக்கு மீறி இழுபட்டு, ஒரு பெரிய பள்ளத்துல கிழிஞ்சாலும் கிழியும். உங்க லிஃப்ட் உயரத்துக்கான ஸ்பேசர் கட்டாயம் வேணும். முன்பக்கம் மட்டும் 2 இன்ச் தூக்கின லெவலிங் கிட்டா இருந்தா, பின்னாடி எதுவும் மாறலை, சாதா கிட்டே பொருந்தும். செகண்ட் ஹேண்ட் வண்டின்னா முதல்ல டேப் வச்சு அளந்துருங்க, விக்கிறவர் சொல்றதை நம்பாதீங்க. பின்னாடி லீஃபா காயிலா என்பதையும் பாருங்க. ராம் 1500-ல 2009 மாடல்ல இருந்தும், டுண்ட்ராவுல 2022-ல இருந்தும் காயில்தான், அதுக்கு கிட்டே வேற.

டிரக் உயர்ந்தா ஹிட்ச் பாலும் உயரும். டிரெய்லர் மூக்கைத் தூக்கிட்டு ஓடினா பின்னாடி ஆடும். அதனால பாலை கீழே இறக்குற ஷாங்க் வாங்கணும், அதுல எழுதியிருக்குற எடை லிமிட் உங்க டிரெய்லருக்குப் போதுமான்னு பார்க்கணும்.

வாரண்டி போயிடுமேன்னு பயமா? 1975-ல வந்த மேக்னஸன்-மாஸ் சட்டப்படி, வெளி பார்ட் போட்டதாலேயே டீலர் மொத்த வாரண்டியையும் மறுக்க முடியாது. அந்தப் பார்ட்டாலதான் பழுதுன்னு காட்டணும். ஆனா லிஃப்ட், பெரிய டயர், ஓவர்லோடு மூணும் சேர்ந்த வண்டியில பின் ஆக்ஸில் பேரிங் போச்சுன்னா, அவங்களுக்கு அதைக் காட்டுறது கஷ்டமே இல்லை. இன்ஷூரன்ஸ்காரங்ககிட்டயும் ஒரு போன் போட்டு, இந்த மாடிஃபிகேஷன் எல்லாம் பாலிசில கவர் ஆகுதான்னு கேட்டுருங்க. பல பாலிசிகள்ல இதுக்குத் தனியா சேர்த்தாதான் உண்டு.

எடைச் சீட்டுல 280 பவுண்டு ஓவர்னு வந்துருச்சா? சாமானை டிரக்ல இருந்து டிரெய்லர் ஆக்ஸில் மேல மாத்திப் பாருங்க. அப்பவும் இறங்கலைன்னா சின்ன டிரெய்லர், இல்லைன்னா முக்கால் டன் டிரக். டிரெய்லரை வித்துட்டு சின்னதுக்குப் போறது, டிரக்கை மாத்தி 72 மாச லோன் போடுறது, ரெண்டுல எது லாபம்னு அடுத்த வீடியோல நம்பரோட பார்ப்போம்.