ஆன் பண்ணினா தானே ஆஃப் பண்ணிக்கும் ‘வெட்டிப் பெட்டி’... நெய்வேலி ஸ்டூடன்ட்ஸுக்கு ஒரு ஜாலி புராஜெக்ட்!

ஒரு சின்னப் பெட்டி. மேலே ஒரே ஒரு சுவிட்ச். நீங்க அதை ஆன் பண்றீங்க. மூடி மெதுவா திறக்குது. உள்ளேயிருந்து ஒரு கை நீளுது. அதே சுவிட்ச்சைத் தட்டி ஆஃப் பண்ணிட்டு, திரும்ப உள்ளே போய்ப் படுத்துக்குது. அவ்வளவுதான் பாஸ், இந்த மெஷினோட மொத்த வேலையே!

‘இதனால என்ன பிரயோஜனம்?’னு கேட்டா, ஒண்ணுமே இல்லை. அதனாலதான் இதுக்கு ‘வெட்டிப் பெட்டி’னு பேர் வைக்கலாம். ஆனா, இதை யோசித்தவர் வெட்டி ஆள் இல்லை. செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான மார்வின் மின்ஸ்கி, 1952-ல் மாணவராக அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது உதித்த ஐடியா இது. தகவல் கோட்பாட்டின் தந்தை எனப்படும் கிளாட் ஷானன் அதைச் செய்தே பார்த்து, தன் மேஜையில் வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் இலங்கையிலேயே குடியேறி வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி.கிளார்க், அந்தப் பெட்டியைப் பார்த்து அசந்துபோய் எழுதியும் வைத்திருக்கிறார்.

நெய்வேலிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

டவுன்ஷிப்பில் வளர்ந்தவங்களுக்குச் சுரங்கத்தின் பக்கெட் வீல் மெஷின் தெரியும். ஒரு வாளியே 1,400 லிட்டர் கொள்ளும் அளவுக்குப் பெரிய மெஷின்கள் அங்கே இருக்கின்றன. வேகமாகச் சுழலும் மோட்டாரை கியர்பாக்ஸ் மெதுவாக்குகிறது. வேகம் குறையக் குறைய, திருப்பும் விசை கூடுகிறது. அதனால்தான் அந்தச் சக்கரம் நிதானமாகச் சுற்றியே மண்ணைப் பெயர்க்கிறது. உங்க பெட்டியில் இருக்கப்போகும் மோட்டாரிலும் இதே கதைதான், சைஸ் மட்டும்தான் சின்னது.

என்னென்ன வேணும்?

* கியர் மோட்டார் 1: ரோபோ கார்களில் வரும் மஞ்சள் நிற ‘பி.ஓ மோட்டார்’ போதும்.
* ஆறு கால் உள்ள ‘டி.பி.டி.டி’ டாகிள் சுவிட்ச் 1: நடுவில் நிற்காத ‘ஆன்-ஆன்’ வகையாகக் கேட்டு வாங்குங்க. நடுவில் நிற்கும் வகை என்றால், கை பாதி தள்ளியதுமே கரன்ட் கட்டாகி அங்கேயே நின்றுவிடும்.
* லிமிட் சுவிட்ச் 1: மூன்று கால் உள்ள சின்ன மைக்ரோ சுவிட்ச்.
* பென்டார்ச் பேட்டரி 4, அதற்கான ஹோல்டர், கொஞ்சம் வயர், மெல்லிய பிளைவுட்.

எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்க்குள் முடிஞ்சிடும். லோக்கல் கடையில் கிடைக்காவிட்டால், கடலூர், புதுச்சேரி போகிறவர்களிடம் சொல்லிவிடுங்க. ஆன்லைனிலும் கிடைக்கும். சதுரமான 9 வோல்ட் பேட்டரி வேண்டாம், மோட்டாருக்குத் தேவையான கரன்ட்டை அதால் கொடுக்க முடியாது. வீட்டு பிளக் பாயின்ட் பக்கம் போகவே கூடாது.

வயரிங்... இங்கதான் சூட்சுமம்!

டாகிள் சுவிட்ச்சின் ஆறு கால்களும் இரண்டிரண்டாக மூன்று வரிசையில் இருக்கும். நடு வரிசையில் மோட்டாரின் இரண்டு வயர்களையும் கொடுங்க. மேல் வரிசையில் பேட்டரியின் பிளஸ், மைனஸ். இப்போது மேல் இடது காலிலிருந்து கீழ் வலது காலுக்கு ஒரு வயர், மேல் வலது காலிலிருந்து கீழ் இடது காலுக்கு ஒரு வயர். அதாவது, பெருக்கல் குறி மாதிரி. சுவிட்ச்சை ஒரு பக்கம் தள்ளினால் மோட்டார் முன்னால் சுற்றும். மறுபக்கம் தள்ளினால் பின்னால் சுற்றும்.

இப்படியே விட்டால், உள்ளே திரும்பிய கை நிற்காமல் பெட்டியைப் போட்டு முட்டிக்கிட்டே இருக்கும். அதனால், அந்தப் பெருக்கல் குறியில் ஒரு வயரை வெட்டி, நடுவில் லிமிட் சுவிட்ச்சை வைங்க. ‘சி’, ‘என்.சி’ என்று எழுதியிருக்கும் இரண்டு கால்கள் மட்டும் போதும். கை வீட்டுக்கு வந்து லிமிட் சுவிட்ச்சை அழுத்தியதும் கரன்ட் கட். அடுத்த தடவை நீங்க ஆன் பண்ணும்போது, கரன்ட் லிமிட் சுவிட்ச் வழியாகப் போகாமல் நேராக மோட்டாருக்குப் போகும். கை மறுபடி கிளம்பிடும்!

மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் பயப்படாதீங்க. மோட்டாரின் இரண்டு வயர்களை மட்டும் இடம் மாற்றினால் சரி.

கை எப்படி இருக்கணும்?

நேரான கை மூடியில் இடிக்கும். அரிவாள் மாதிரி வளைந்திருக்க வேண்டும். நேரடியாகப் பிளைவுட்டை வெட்டாமல், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி, குண்டூசி குத்தி, சுற்றவிட்டுப் பாருங்க. சுவிட்ச்சைத் தொடுகிறதா, மூடியைத் தூக்குகிறதா என்று தெரிந்துவிடும். கை நீளமானால் தள்ளும் விசை குறையும். அதனால், எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு நல்லது. மூடி லேசாக இருக்கட்டும்.

வைவாவில் கேட்டால்?

ரெடிமேட் புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கி, கலர் ஃபைல் போட்டு சப்மிட் பண்றது இப்ப சகஜம். ஆனா, “மோட்டார் ஏன் நின்னுச்சு?”னு ஒரே ஒரு கேள்வி வந்தா, வாங்கினவர் முழிப்பார். செய்தவர் பதில் சொல்வார். லிஃப்ட், கிரேன் எல்லாவற்றிலும் எல்லையைத் தொட்டதும் நிறுத்துவது இந்த லிமிட் சுவிட்ச் வேலைதான். அப்ரன்டிஸ் பயிற்சிக்குப் போகும் நாளில் இதே விஷயம் பெரிய சைஸில் உங்க முன்னால் நிற்கும். ஒரு மெஷினை ஓட வைக்கிறது ஈஸி. சரியான இடத்தில் நிறுத்துவதில்தான் அதன் பக்கத்தில் வேலை பார்ப்பவரின் உயிர் இருக்கிறது.

அதைச் சொல்லிக்கொடுக்கிற பெட்டியை ‘வெட்டி’னு சொல்ல முடியுமா? இந்த சண்டே, ஒரு கல்யாணப் பத்திரிகையையும் கத்தரிக்கோலையும் எடுத்து, முதலில் அந்தக் கையை வெட்டிப் பாருங்க!