ஒளி போடும் தையல்

லேசர் வெல்டிங் கண்ணைக் காப்பாற்றவும் உதவுகிறது. கவனம் தவறினால் கண்ணைப் பறித்தும் விடுகிறது

டைட்டானியத்தால் ஆன குட்டிக் குழல். நீளம் 4.75 மி.மீ., விட்டம் 0.8 மி.மீ. உள்ளே கதிரியக்க அயோடின்-125. மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய இந்த 'விதை'களைச் சிறு தகட்டில் பதித்து, கண்விழியின் மேல் சில நாட்கள் பொருத்துகிறார்கள். கண்ணையே அகற்ற வேண்டிய நிலையிலுள்ள புற்றுநோயாளிகள் பலருக்குக் கண் தப்புகிறது.

ஆனால் குழலின் வாய் இம்மியளவு கசிந்தாலும் ஆபத்து. மூடும்போது சூடு உள்ளே பரவவும் கூடாது. இந்த நுணுக்கமான வேலையைச் செய்வது லேசர்.

லென்ஸ் வழியே குவியும் லேசர் கதிர், ஊசிமுனையளவு இடத்தில் விழுகிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 லட்சம் வாட் என்ற செறிவை எட்டும்போது உலோகம் உருகுவதோடு நிற்பதில்லை; ஆவியாகிறது. அந்த ஆவியின் அழுத்தத்தில் சாவித் துவாரம் போன்ற குழி விழ, கதிர் அதன் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. கதிர் நகர நகர, உருகிய உலோகம் பின்னால் வழிந்து குழியை நிரப்பி உறைகிறது. இணைப்பு ஒடுக்கமானது, ஆனால் ஆழமானது. பக்கத்து உலோகம் அதிகம் சூடாவதில்லை, நெளிவதும் குறைவு.

முதல் லேசர் 1960இல் பிறந்தது. கனத்த உலோகத்தையும் வெட்டி இணைக்க வல்ல கார்பன்-டை-ஆக்சைடு லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த சி. குமார் படேல். இன்று பல ஆலைகளில் அதன் இடத்தை ஃபைபர் லேசர் பிடித்துவிட்டது. காரின் கூரை, மின்வாகன பேட்டரி, இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரின் உறை எல்லாம் லேசரால் இணைக்கப்படுகின்றன.

குறைகளும் உண்டு. இரு துண்டுகளும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தாமிரம் போன்ற உலோகங்கள் ஒளியைத் திருப்பியடிக்கும்.

கையில் பிடித்து இயக்கும் லேசர் வெல்டிங் கருவிகள் இப்போது சிறு பட்டறைகளுக்கும் வந்துவிட்டன. சிக்கல் இங்கேதான். ஃபைபர் லேசரின் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இமை தானாக மூடாது. உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் கதிர்கூட விழித்திரையைக் கணத்தில் பொசுக்கிவிடும். வெல்டர்கள் வழக்கமாக மாட்டும் கறுப்புக் கண்ணாடியை நம்ப முடியாது. அந்த அலைநீளத்துக்கென்றே தயாரான கண்ணாடியும், வேலையிடத்தைச் சுற்றித் தடுப்பும் அவசியம். கருவி வாங்கும் முதலாளி இவற்றுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.