சீத்தா பூத்தும் காய்க்காதது ஏன்?

வறட்சியைத் தாங்கும், ஆடுகூட இலையைத் தொடாது. சீத்தாவைப் போல் திடமான வீட்டுச் செடி அரிது. ஆனாலும் பூ நிறைய, காய் நாலைந்துதான். செடிமேல் தப்பில்லை, சிக்கல் பூவின் நேரக்கணக்கில்.

தொங்கும் பூ ஒன்றை நிமிர்த்திப் பாருங்கள். தடித்த பச்சை இதழ்கள் லேசாக விரியும்போது நடுவிலுள்ள சூலகமுடி ஈரமாய்ப் பளபளக்கும். அது பெண் பருவம். அந்த ஈரம் காய்ந்த பிறகே இதழ்கள் அகல விரிந்து மகரந்தம் உதிரும். ஆகவே தன் மகரந்தம் தனக்கு உதவாது. இன்னொரு பூவிலிருந்து கொண்டுவருபவை தேனீக்கள் அல்ல, கனிந்த பழ வாசனைக்கு வரும் மிகச் சிறிய வண்டுகள். அவற்றுக்காகவே சொல்கிறேன்: பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

வண்டு வராவிட்டால், நன்றாக விரிந்த பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையில் எடுத்து, பாதி விரிந்த பூவுக்குள் தடவுங்கள்.