பெயரா, கட்டளையா?

வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களில் காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கணக்கப்பிள்ளையின் தாளில் பெயர் வரவேண்டிய இடத்தில் யாரோ "எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்று எழுதி வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் புதியவர் அதை அப்படியே உரக்க வாசித்தால் நிற்பவர்கள் கலைந்துவிடுவார்கள். அவர்கள் காதில் விழுந்தது பெயரல்ல, கட்டளை.

2017இல் கிட் மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை இதே வகை. நிரலில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கருவி கிட். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார். அந்த ஆண்டிலிருந்தே ஜூனியோ ஹமானோ பராமரித்து வருகிறார். கமாண்ட் தட்டும்போது சிறுகோட்டில் தொடங்கும் சொல் ஆப்ஷன், அதாவது கட்டளை. மற்றவை பெயர்கள். இந்த ஒரு கோட்டில்தான் எல்லாமே நிற்கிறது.

தூரத்துக் கணினியோடு பேச கிட், எஸ்எஸ்எச் என்ற வேறொரு நிரலைக் கூப்பிடும். முகவரியிலிருந்து ஹோஸ்ட் பெயரை வெட்டியெடுத்து அதனிடம் கொடுக்கும். அந்தப் பெயரே சிறுகோட்டில் தொடங்கினால் எஸ்எஸ்எச் அதை ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளும். அந்த ஆப்ஷன்களில் ஒன்றுக்கு, சொன்ன நிரலை நம் கணினியிலேயே ஓட்டிவிடும் வல்லமை உண்டு. யாரோ கொடுத்த முகவரியை நம்பி க்ளோன் செய்தவர், அதாவது அங்கிருந்து நிரலை நகலெடுத்தவர், மாட்டிக்கொள்வார். மெர்க்கூரியல், சப்வெர்ஷன் இரண்டிலும் இதே குறை இருந்தது. மூன்றுக்கும் ஆகஸ்ட் 10 அன்று திருத்தம் வந்தது.

கிட்டுக்கு வந்த பேட்ச் மிகச் சிறியது: ஹோஸ்ட் பெயரின் முதல் எழுத்து சிறுகோடு என்றால் வேலையை நிறுத்து. இதனால் நல்லவர் யாருக்காவது இடைஞ்சலா? இல்லை, ஹோஸ்ட் பெயர் சிறுகோட்டில் தொடங்கக் கூடாது என்பது இணையத்தின் பழைய விதி. பேட்சைச் சரிபார்த்தவர்கள் இத்தோடு "சரி" சொல்லியிருக்கலாம். ஆனால் அதே பெயர், இடையில் நின்று இணைப்பு ஏற்படுத்தித் தரும் ப்ராக்ஸி கமாண்டுக்கும் போகிறது. நிரல் இருக்கும் களஞ்சியத்தின் பாதையும் அப்படியே இன்னொரு நிரலுக்குப் போகிறது. பக்கத்து வாசல்களையும் பார்த்து, அந்த இரண்டையும் அதே பதிப்பில் அடைத்தார்கள். கோப்புறைப் பெயர் சிறுகோட்டில் தொடங்குவது முறையானதுதான். ஆனாலும் முழுப் பாதை சாய்கோட்டில் தொடங்குவதால் அப்படிப் பெயர் வைத்தவருக்கும் வழி அடைபடவில்லை. நல்ல ரிவியூ என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்படியும் ஒன்று தப்பியது. ஒரு களஞ்சியத்துக்குள் இணைத்து வைக்கும் இன்னொரு களஞ்சியம் சப்மாட்யூல். அதன் முகவரி சிறுகோட்டில் தொடங்கினால், கிட் தன்னையே கூப்பிடும்போது அதை ஆப்ஷனாக எடுத்துக்கொண்டது. 2018 அக்டோபரில், 2.19.1 பதிப்பில், முகவரிக்கு முன்னால் '--' சேர்த்துத் திருத்தினார்கள். இனி வருவதெல்லாம் பெயர்தான் என்று அதற்குப் பொருள். கிட்டின் வேறு சில கமாண்டுகளில் இந்த இரட்டைக்கோட்டுக்கு ஏற்கெனவே வேறு வேலை உண்டு: கோப்புப் பெயர்களைப் பிரித்துக் காட்டுவது. அதனால் 2019இல் 2.24 பதிப்பில், ஆப்ஷன்கள் முடிந்தன என்று சொல்லவே தனியாக ஓர் ஆப்ஷன் கொண்டுவந்தார்கள்.

வெலிமடையிலிருந்து பதுளைக்குப் பஸ் ஏறி ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் தம்பி, தங்கைகளே, இப்படியொரு பேட்ச் உங்கள் கைக்கு வந்தால் மாற்றிய வரியோடு நின்றுவிடாதீர்கள். வெளியாள் எழுதிய சொல் இன்னொரு நிரலின் கைக்குப் போகும் ஒவ்வொரு இடத்தையும் தேடுங்கள். சிறுகோட்டில் தொடங்கும் பெயர் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கும் டெஸ்ட் இல்லாமல் "சரி" சொல்லாதீர்கள்.