வீட்டிலிருந்தே எழும் குரல்

சுபாங் ஜெயாவின் யூஎஸ்ஜே 8 பகுதியில் காவல் நிலையம் கட்டுவதற்கென ஒரு நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. திருட்டும் வழிப்பறியும் பெருகி வந்த அந்நாளில், மக்கள் அந்தக் காவல் நிலையத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். ஆனால், 2004-ஆம் ஆண்டில் அங்கே எழும்பத் தொடங்கியதோ உணவங்காடி வளாகம்!

இதைக் கண்ட குடியிருப்பாளர்கள் தங்கள் வட்டாரத்து இணையக் கருத்துக்களத்தில் செய்தியைப் பகிர்ந்தனர். 'இந்த நிலம் யாருக்கு உரியது? மாற்றுவதற்கு யார் அனுமதி கொடுத்தது?' என்னும் கேள்விகள் வீடு வீடாகப் பரவின. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லா இனத்தவரும் ஒரே கேள்வியைக் கேட்டனர். நாளிதழ்களும் எழுதத் தொடங்கின. முடிவில் உணவங்காடித் திட்டம் கைவிடப்பட்டது. இன்று யூஎஸ்ஜே 8-இல் காவல் நிலையம் இயங்கி வருகிறது.

அந்தக் கருத்துக்களம் திடீரென முளைத்ததன்று. யூஎஸ்ஜேவில் வசித்த ஜெஃப் ஊய் என்பவர் 1999-இல் அதனை உருவாக்கினார். அதே ஆண்டில் நகராண்மைக் கழகம் மதிப்பீட்டு வரியைப் பெரிதும் உயர்த்தியபோது, அதனை எதிர்த்துக் கையொப்பம் திரட்டவும் இணையம் கைகொடுத்தது. பின்னர் 2008-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெஃப் ஊய் ஜெலுத்தோங் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். சுபாங் ஜெயாவின் இந்த வழக்கத்தை ஆராய்வதற்காக ஜான் போஸ்டில் என்னும் மானிடவியல் அறிஞர் 2003-இல் இங்கு வந்து தங்கினார். தம் ஆய்வை 2011-இல் நூலாகவும் வெளியிட்டார். போக்குவரத்து நெரிசல், குப்பை, சில்லறைத் திருட்டு போன்ற சின்னஞ்சிறு சிக்கல்களே மக்களை ஒன்றுசேர்த்தன என்பது அவர் கண்டறிந்தவற்றுள் ஒன்று.

அரசியல் என்றதும் மேடையும் ஒலிபெருக்கியும் கொடியுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. வடிகால் அடைத்துக்கொண்டால் யாரிடம் சொல்வது, வரிப்பணம் எங்கே போகிறது, பக்கத்துக் காலி நிலத்தில் என்ன வரப்போகிறது என்பனவும் அரசியலே. இவற்றில் பங்கேற்க வீட்டு மேசையும் ஒரு பேனாவும் போதும். இன்றைக்குக் கைப்பேசியே போதும்.

மலேசியாவில் இத்தகைய பங்கேற்புக்குத் தனித் தேவை உண்டு. நாடாளுமன்ற உறுப்பினரையும் சட்டமன்ற உறுப்பினரையும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். ஊராட்சி உறுப்பினர்களை அவ்வாறு தேர்ந்தெடுப்பதில்லை. இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய 1965-ஆம் ஆண்டில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. பிறகு 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதனால், ஊராட்சி உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. 1997-இல் தோன்றிய சுபாங் ஜெயா நகராண்மைக் கழகம், 2020 அக்டோபர் 20-ஆம் நாள் மாநகர் மன்றமாகத் தகுதி உயர்ந்தது. அதன் உறுப்பினர்களும் நியமனம் பெற்றவர்களே. வாக்குச்சீட்டின் வழி கேள்வி கேட்க முடியாத இடத்தில், கடிதத்தின் வழியாவது கேட்க வேண்டியிருக்கிறது.

புகார் எழுதுவது எளிது. பயன் தரும்படி எழுதுவதற்குத்தான் சற்றுப் பழக்கம் வேண்டும். முதலில், சிக்கல் யாருடைய பொறுப்பு என்று அறிய வேண்டும். குடியிருப்புச் சாலையில் உள்ள குழியும் வீட்டு வாசலில் ஓடும் வடிகாலும் மாநகர் மன்றத்தின் கீழ் வருகின்றன. குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஆயர் சிலாங்கூர் நிறுவனத்தை அணுக வேண்டும். ஆறு கரை புரண்டால் அது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பு. நெடுஞ்சாலைக்கோ அதனை நடத்தும் நிறுவனம் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் அனுப்பும் புகார், ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் பயணம் செய்துகொண்டே இருக்கும்.

அடுத்து, ஒரு கடிதத்தில் ஒரு சிக்கலை மட்டும் எழுதுவது நல்லது. சாலை விளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று மூன்றையும் ஒன்றாய்ச் சேர்த்தால், மூன்றும் மூன்று பிரிவுகளுக்குரியவை ஆதலால் எதுவுமே நகராமல் போகலாம். சாலையின் பெயர், விளக்குக் கம்பத்தின் எண், சிக்கல் தொடங்கிய நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு நிழற்படத்தையும் இணைத்தால், அதிகாரி தேடி அலைய வேண்டியதில்லை. 'பல நாளாகவே இப்படித்தான்' என்பதைவிட 'மார்ச் 3 முதல் எரியவில்லை' என்பது வலுவான வாக்கியம். கோபச் சொற்கள் படிப்பவரின் கவனத்தைச் சிக்கலிலிருந்து திருப்பிவிடும்.

அனுப்பியதும் கிடைக்கும் மேற்கோள் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது மிக முக்கியம். இரண்டு வாரங்களுக்குப் பிறகும் பதில் வராவிட்டால், அந்த எண்ணைக் காட்டி மீண்டும் எழுதலாம். இம்முறை அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மாநகர் மன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நகல் அனுப்பலாம். முதல் கடிதத்தோடு நின்றுவிடுபவர்கள் ஏராளம். இரண்டாவது கடிதம்தான் பல நேரங்களில் கதவைத் திறக்கிறது.

மாணவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று இங்கே உண்டு. யூஎஸ்ஜே வட்டாரம் ஒரு காலத்தில் சீஃபீல்டு ரப்பர் தோட்டமாக இருந்தது. தோட்ட வாழ்க்கையில் வளர்ந்த தாத்தா பாட்டிகள் சிலருக்கு, மலாயில் அலுவல் கடிதம் எழுதுவது மலைபோல் தோன்றும். இணையப் படிவங்களோ அவர்களுக்கு இன்னும் தொலைவு. அவர்கள் தமிழில் சொல்வதைக் கேட்டு, மலாயில் கடிதமாக எழுதித் தருவதற்கு ஐந்தாம் படிவ மாணவரின் மொழியறிவே போதும். கடிதத்தை அவர்களிடம் படித்துக் காட்டி, அவர்கள் பெயரிலேயே அனுப்ப வேண்டும். குறை அவர்களுடையது, குரலும் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

ஒரு சாலை விளக்கை எரியவைப்பது ஒரு தெருவுக்கு உதவும். சில வேளைகளில் வீட்டிலிருந்து எழுதும் ஆட்சேபம் ஒரு காட்டுக்கே உதவியிருக்கிறது. 2020 பிப்ரவரியில், கோல லங்காட் வடக்குக் காப்புக்காட்டில் ஏறத்தாழ 931 ஹெக்டர் நிலத்தைக் காப்புக்காட்டுப் பட்டியலிலிருந்து நீக்கும் திட்டம் குறித்து அறிவிப்பு வெளியானது. அது சதுப்புநிலக் காடு. அதன் அருகே புக்கிட் சீடிங், பூசுட் பாரு முதலிய சிற்றூர்களில் தெமுவான் பூர்வகுடியினர் வாழ்கின்றனர். காட்டை நம்பியே அவர்களின் வாழ்வும் அமைந்திருந்தது.

சிலாங்கூரில் காப்புக்காட்டைப் பட்டியலிலிருந்து நீக்குமுன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்னும் விதி உண்டு. ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் அறிவிக்கப்பட்டது. பூர்வகுடியினரும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் மாதிரிக் கடிதங்களைத் தயாரித்துப் பரப்பினர். காட்டையே பார்த்திராத நகரவாசிகளும் தங்கள் பெயரையும் காரணத்தையும் எழுதி அனுப்பினர். வனத்துறைக்கு 45,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் வந்து சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் சிலாங்கூர் சட்டமன்றமும் காப்புக்காடுகளைக் காக்கும் தீர்மானத்தை ஒருமனதாக ஆதரித்தது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். ஆனால், 2021 மே மாதத்திலேயே காட்டின் ஒரு பகுதி, ஏறத்தாழ 536 ஹெக்டர், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. ஆகஸ்டு இறுதியில்தான் இது வெளியே தெரிய வந்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். பெருந்தொற்றுக் காலமாதலால் பெரும்பாலோரால் தெருவில் இறங்க முடியவில்லை. கடிதங்கள், இணையக் கையொப்பங்கள், முகநூல் பதிவுகள் எனப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. செப்டம்பர் 8-ஆம் நாள், அந்த முடிவு மீட்டுக்கொள்ளப்பட்டு நிலம் மீண்டும் காப்புக்காடாக்கப்படும் என்று மந்திரி பெசார் அமிருடின் சாரி அறிவித்தார். முன்பு அனுப்பிய 45,000 கடிதங்கள் வீண்போனதாக ஒரு கட்டத்தில் பலர் நினைத்திருப்பர். எனினும், மக்கள் ஏற்கெனவே எதிர்த்தனர் என்பதற்கு மறுக்க முடியாத சான்றாய் நின்றவை அக்கடிதங்களே.

இதே போன்ற வாய்ப்பு நகர்ப்புறத்திலும் உண்டு. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஒரு வட்டாரத்துக்கான உள்ளூர்த் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதனைக் குறித்து எழுத்து வழி ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் தர வேண்டும். எந்த நிலம் பூங்கா, எந்த நிலம் வணிகப் பகுதி என்பதை அந்த வரைவே காட்டும். அடுக்குமாடி எழும்பிய பிறகு வருந்துவோர், வரைவு வைக்கப்பட்டபோது அதைப் பார்க்கத் தவறியவர்களாகவே பெரும்பாலும் இருப்பர். மேலும், தகவல் அறியும் உரிமைக்கான சட்டத்தை 2011-இல் நிறைவேற்றிய மாநிலம் சிலாங்கூர். மாநிலத் துறைகளிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் உள்ள ஆவணங்களைக் கேட்டு, எவரும் அச்சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

வாக்குரிமையைப் பொறுத்தவரை, இளைஞர்களே இந்நாட்டின் சட்டத்தை மாற்றிக் காட்டியுள்ளனர். 'உண்டி 18' என்னும் இயக்கத்தை மாணவர்கள் சிலர் 2016-இல் தொடங்கினர். கைரா யுஸ்ரி, தர்மா பிள்ளை ஆகிய இருவரும் அதன் நிறுவனர்கள். வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்க வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. கட்சி வேறுபாடின்றி நாடாளுமன்ற உறுப்பினர்களை அணுகிப் பேசினர். 2019 ஜூலை 16-இல் மக்களவையில் இருந்த 211 உறுப்பினர்களும் அரசியலமைப்புத் திருத்தத்தை ஆதரித்தனர். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் இப்படி ஒன்றுபடுவது அரிய காட்சி.

பின்னர் அதன் அமலாக்கம் தள்ளிப்போகும் என்று அரசாங்கம் அறிவித்தபோது, இளைஞர்கள் நீதிமன்றத்தை நாடினர். சரவாக்கைச் சேர்ந்த ஐவர் தொடுத்த வழக்கில், 2021 டிசம்பர் 31-க்குள் திருத்தத்தை அமல்படுத்துமாறு கூச்சிங் உயர்நீதிமன்றம் செப்டம்பர் 3-ஆம் நாள் உத்தரவிட்டது. அவ்வாறே டிசம்பர் 15-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022 நவம்பர் 19-இல் நடந்த பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது.

இந்த மாற்றத்தோடு தானியங்கி வாக்காளர் பதிவும் வந்தது. முன்புபோல் அஞ்சல் நிலையத்துக்குச் சென்று விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அதில் ஒரு சிறு சிக்கல் மறைந்திருக்கிறது. அடையாள அட்டையில் எந்த முகவரி உள்ளதோ அந்தத் தொகுதியிலேயே பெயர் பதிவாகும். ஈப்போவிலிருந்து சுபாங் ஜெயாவுக்குக் குடிபெயர்ந்து பத்தாண்டு ஆன குடும்பம், முகவரியை மாற்றாமலே இருந்தால், பிள்ளைகளின் முதல் வாக்கும் ஈப்போவிலேயே இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால், ஒரே நிமிடத்தில் தொகுதியின் பெயர் தெரிந்துவிடும். தேர்தல் அறிவித்த பிறகு பார்த்தால் திருத்துவதற்குக் காலம் கடந்திருக்கும்.

வாக்களித்தபின் பிரதிநிதி என்ன செய்கிறார் என்பதையும் வீட்டிலிருந்தே கவனிக்கலாம். நாடாளுமன்றக் கூட்டம் இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பாகிறது. அங்கே பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் 'ஹன்சார்ட்' என்னும் அறிக்கையில் பதிவாகி, நாடாளுமன்ற இணையத்தளத்தில் வெளியிடப்படுகிறது. மொத்தம் 222 உறுப்பினர்களுள் தம் தொகுதி உறுப்பினர் எப்போது எழுந்தார், எதைப் பற்றிக் கேட்டார், அமைச்சர் என்ன பதில் தந்தார் என்பதைத் தேடிப் படிக்கலாம். நாளிதழில் வரும் நான்கு வரிச் செய்திக்கும் முழு உரைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அப்போது புலப்படும்.

புலனத்தில் வரும் செய்தியை அப்படியே பிறருக்கு அனுப்புவதும் அரசியல் செயலே. ஆனால், அது இருபுறமும் கூர்மையுள்ள கத்தி. குடியிருப்பாளர் குழுவில் பரவும் 'நாளை முதல் வரி இரு மடங்கு' என்பது போன்ற வதந்தி ஒன்று, உண்மையான புகார்களின் மதிப்பையும் குறைத்துவிடும். இன, சமய உணர்வைத் தூண்டும் பதிவாக இருந்தால் சட்ட நடவடிக்கையும் பாயும். ஐயம் எழும்போது, 2017-இல் அரசாங்கம் தொடங்கிய 'செபெனார்ஞா' இணையத்தளத்திலோ, தொடர்புடைய துறையின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலோ சரிபார்க்கலாம்.

இணையக் கையொப்பங்களின் பயனும் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் நாடாளுமன்றத்தின் இணையத்தளத்திலேயே கோரிக்கை வைக்கலாம். 10,000 பேர் கையொப்பமிட்டால் அரசாங்கம் பதில் தரும். 1,00,000 பேர் கையொப்பமிட்டால் அது விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும். தனியார் இணையத்தளங்களில் திரட்டும் கையொப்பங்களுக்கு அத்தகைய உத்தரவாதம் இல்லை. ஆகவே, ஒரு பொத்தானை அழுத்தியதோடு நின்றுவிடாமல், அதே கருத்தைச் சொந்தச் சொற்களில் நான்கு வரி எழுதித் தொகுதி உறுப்பினருக்கு அனுப்புவோரும் இருக்கின்றனர்.

இவையனைத்தும் வீட்டிலிருந்து தொடங்கினாலும், சில வேளை வீட்டை விட்டு வெளியே அழைத்துச் செல்லும். யூஎஸ்ஜே 8-இன் உணவங்காடிக்கு எதிராகக் கணினியின் முன் எழுதியவர்கள் பிறகு அந்த நிலத்தின் முன்னும் கூடி நின்றனர். ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்தவையே. முழுக் கூட்டம் நடைபெறும் நாளில் பார்வையாளர் இருக்கைகள் பெரும்பாலும் காலியாகவே இருக்கின்றன.