கூரையின் வெப்பமும் செஞ்சியின் பாடமும்

செஞ்சிக் கோட்டை 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் உலக பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஸ்தாபனத்தால் ஏற்கப்பட்டது கண்டு நாம் பெருமை கொள்கிறோம். பெருமையோடு படிப்பினையும் வேண்டும். அங்குள்ள கல்யாண மஹாலைப் பாருங்கள். அடுக்கடுக்காய் உயர்ந்த அக்கோபுரத்தில் நடுவே சிறு அறை. சுற்றிலும் வளைவுகள் தாங்கும் தாழ்வாரம். வெயில் தாழ்வாரத்தோடு நின்றுவிடும். காற்று மாத்திரம் உள்ளே புகும்.

நமது ஏழை மக்களோ தகரக் கூரையின் கீழ் வேகின்றனர். காங்க்ரீட் தளமும் பகலில் குடித்த வெப்பத்தை இரவில் உமிழ்கிறது. சூடான காற்று மேலே எழும். அது வெளியேற உச்சியிலும், குளிர்ந்த காற்று புக அடியிலும் வழியில்லையேல் வீடு சூளையே. தளத்தின்மீது வெண்சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போகும், செலவு சொற்பம்.

2030-க்குள் 8 லட்சம் காங்க்ரீட் வீடுகள் கட்ட 2024-ல் தமிழ்நாட்டு சர்க்கார் திட்டமிட்டனர். அதே வருஷம் அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடரென்றும் அறிவித்தனர். பேரிடரென்று ஒப்புக்கொண்டபின் அதை ஏழையின் வீட்டுக்குள் அடைத்து வைப்பது நியாயமாகுமா? கட்டும் வீடு ஒவ்வொன்றிலும் தளத்தை ஒட்டிய காற்றுத் துவாரங்களும், மேலே வெள்ளைப் பூச்சும் கட்டாயமென விதி செய்தல் அவசியம். முன்னோர் கல்லில் காட்டிய வழியைச் சட்டத்தில் எழுதத் தாமதம் ஏன்?