தப்பிய விபத்துகளே ஆசான்

1974-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் நகருக்கு வந்துகொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம், பலத்த காற்று காரணமாக அருகிலுள்ள டலஸ் விமான நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டது. ஓடுபாதையை அணுகலாம் எனக் கட்டுப்பாட்டு அறை அனுமதி அளித்தது. 1,800 அடி உயரத்துக்கு உடனே இறங்கலாம் என்று விமானிகள் அதற்குப் பொருள் கொண்டனர். அந்த இடத்தில் அவ்வளவு தாழ்வாகப் பறப்பது பாதுகாப்பற்றது என்பதை அவர்கள் உணரவில்லை. கட்டுப்பாட்டு அறையும் எச்சரிக்கவில்லை. மேகம் சூழ்ந்த மவுன்ட் வெதர் மலையில் விமானம் மோதியது. அதில் இருந்த 92 பேரும் உயிரிழந்தனர்.

இந்த விபத்தைவிடவும் வேதனையான செய்தி விசாரணையில் வெளிவந்தது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்பு, அதே விமான நிலையத்தை அதே வழியில் அணுகிய யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று, அதே அனுமதியை அதே விதமாகப் புரிந்துகொண்டு, அதே மலையில் மோதாமல் நூலிழையில் தப்பியிருந்தது. அதன் விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் நடந்ததைத் தெரிவித்தனர். நிறுவனமும் தன்னுடைய விமானிகளை எச்சரித்தது. ஆனால், அந்த எச்சரிக்கை நிறுவனத்தின் எல்லையைத் தாண்டவில்லை. ஒரு நிறுவனத்தின் விமானிகளுக்குத் தெரிந்திருந்த ஆபத்து, இன்னொரு நிறுவனத்தின் விமானிகளுக்குத் தெரியாமல் போனது.

தகவல் என்பது விந்தையான பொருள். அரிசியையோ பெட்ரோலையோ ஒருவர் பயன்படுத்தினால் மற்றவருக்குக் குறையும். தகவல் அப்படிக் குறைவதில்லை. ஆயிரம் பேர் பகிர்ந்துகொண்டாலும் அதன் பயன் பெருகவே செய்யும். எனினும், தவறு குறித்த தகவலுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அதை வெளிப்படுத்துவதால் வரும் பயன் ஊருக்கு. தண்டனையும் அவமானமும் சொன்னவருக்கு. செலவு முழுவதும் ஒருவர் தலையிலும், ஆதாயம் முழுவதும் பிறர் கையிலும் இருந்தால், அந்தப் பொருள் சந்தைக்கே வராது என்பது பொருளியலின் அடிப்படைப் பாடம். விபத்து நேர்ந்தால் உடைந்த பாகங்களாவது சாட்சி சொல்லும். தப்பிய விபத்துக்கு, அதில் தொடர்புடைய சிலரின் மனசாட்சியைத் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் இருப்பதில்லை.

டலஸ் விபத்துக்குப் பின்னர், விமானிகள் தங்கள் தவறுகளையும் ஆபத்தான அனுபவங்களையும் தாமாக முன்வந்து தெரிவிக்கும் திட்டத்தை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1975-இல் அறிவித்தது. ஆனால், உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் படைத்த அமைப்பிடமே போய்த் தவறை ஒப்புக்கொள்ள யார்தான் முன்வருவார்? எனவே, 1976-இல் அந்தப் பொறுப்பு விண்வெளி ஆய்வு அமைப்பான நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. நாசாவுக்கு விமானிகளைத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரமின்மையே அதன் தகுதியாயிற்று.

திட்டத்தின் நடைமுறை எளிமையானது. சம்பவம் நடந்த பத்து நாள்களுக்குள் விமானி அறிக்கை அனுப்ப வேண்டும். பெயரும் முகவரியும் உள்ள பகுதி, அறிக்கை பெறப்பட்டதற்கான சான்றாக அவருக்கே திருப்பி அனுப்பப்படும். அடையாளங்கள் அனைத்தும் நீக்கப்பட்ட பின்னரே அறிக்கை தரவுத் தொகுப்பில் சேர்க்கப்படும். பின்னாளில் அவர் விதி மீறியதாக நடவடிக்கை தொடங்கினாலும், உரிய காலத்தில் அறிக்கை அளித்திருந்தால் அபராதமோ உரிமம் நிறுத்திவைப்போ விதிக்கப்படாது. வேண்டுமென்றே செய்த மீறல், குற்றச் செயல், நேர்ந்துவிட்ட விபத்து ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. இதுவரை 20 லட்சத்துக்கும் அதிகமான அறிக்கைகள் இவ்வாறு சேர்ந்துள்ளன. அவற்றில் பாடமாகத் தக்கவை மாதந்தோறும் ஒரு மடலாகத் தொகுக்கப்பட்டு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன.

தப்பிய விபத்து எவ்வளவு கற்றுத்தரும் என்பதற்கு 2017-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி நள்ளிரவையொட்டி சான்பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்ததே சான்று. அங்கு அருகருகே இருந்த இரு ஓடுபாதைகளில் ஒன்று மூடப்பட்டு விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. அதைக் கவனத்தில் கொள்ளாத ஏர் கனடா விமானிகள், ஓடுபாதை என்று எண்ணி, நான்கு விமானங்கள் புறப்பாட்டுக்காக வரிசையில் காத்திருந்த இணைப்புப் பாதையை நோக்கி இறங்கினர். தரையிலிருந்து ஏறத்தாழ 60 அடி உயரம் வரை தாழ்ந்த பின்னரே விமானம் மீண்டும் மேலெழுந்தது. ஐந்து விமானங்களிலும் இருந்தவர்கள் ஆயிரம் பேருக்கும் மேல். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

எனினும், பேரழிவு நிகழ்ந்ததைப் போலவே இது விசாரிக்கப்பட்டது. ஓடுபாதை மூடப்பட்ட செய்தி விமானிகளுக்குத் தரப்பட்ட குறிப்புகளில் இருந்தது; ஆனால், பல பக்கத் தகவல்களுக்கு இடையே அது எடுப்பாகத் தெரியவில்லை. விமானி அறை உரையாடல் பதிவோ கிடைக்கவே இல்லை. இரண்டு மணி நேரமே பதிவாகும் அந்தக் கருவியில், விமானம் மீண்டும் பறந்தபோது பழைய பதிவு அழிந்துவிட்டது. 25 மணி நேரம் பதிவு செய்யும் கருவி வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற இச்சம்பவமும் ஒரு காரணம். 'விமானி கவனக்குறைவாக இருந்தார்' என்று கோப்பை மூடியிருந்தால் இவை எதுவும் வெளிச்சத்துக்கு வந்திருக்காது.

தவறைச் சொல்லத் தடையாக இருப்பது தண்டனை பற்றிய அச்சம் மட்டுமல்ல. மேலதிகாரி மீதான தயக்கமும்தான். 1977-இல் டெனெரிஃப் தீவில் இரு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். பனிமூட்டத்தில் எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கே.எல்.எம். விமானத்தின் பொறியாளர் கேட்டார். நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளருமான தலைமை விமானி, விலகிவிட்டதாக உறுதியாகச் சொல்லவே, மேற்கொண்டு யாரும் வற்புறுத்தவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லாந்தில், சக்கரக் கோளாறில் கவனம் செலுத்தி வட்டமிட்ட விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து விழுந்ததில் 10 பேர் இறந்தனர். எரிபொருள் குறைவதை உடனிருந்தோர் குறிப்பிட்டனர், அழுத்திச் சொல்லவில்லை. இவற்றின் விளைவாகவே, இளையவர் துணிந்து சொல்லவும் மூத்தவர் செவிகொடுக்கவும் விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் முறை 1980-களில் பரவியது.

தண்டனை இல்லையென்றால் பொறுப்பின்மை பெருகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், இங்கு மன்னிக்கப்படுவது மறைக்கப்படாத பிழை மட்டுமே. மேலும், விமானம் வீழ்ந்தால் அதில் விமானியும் மடிவார். கவனமாக இருப்பதற்கு அதைவிடப் பெரிய தூண்டுதலை எந்த அபராதமும் தர இயலாது. அபராதத்தால் விமானியின் கவனத்தைவிட அவருடைய மௌனமே அதிகரிக்கும்.

தரையில் நிலைமை இதற்கு நேர்மாறானது. சமிக்ஞைக் கம்பிகளை இணைப்பவரோ கோப்பில் கையெழுத்திடும் அதிகாரியோ அந்த ரயிலில் பயணம் செய்வதில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி, சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயில் ஒடிஸாவின் பாலசோர் அருகே தவறான தடத்தில் திருப்பப்பட்டு சரக்கு ரயில் மீது மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை, சமிக்ஞை இணைப்புப் பணிகளில் நிகழ்ந்த பிழைகளைச் சுட்டியது. அத்துடன் 2022 மே மாதம் காரக்பூர் கோட்டத்தின் வேறொரு ரயில் நிலையத்தில் தவறான கம்பி இணைப்பால் நேர்ந்த இதே போன்ற சம்பவத்தையும் நினைவூட்டியது. அப்போதே உரிய நடவடிக்கை எடுத்திருந்தால் இந்த விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றது. டலஸில் ஆறு வாரங்கள் முன்னதாக வந்த எச்சரிக்கை, இங்கு ஓராண்டு முன்னதாகவே வந்திருந்தது.

விபத்து விசாரணையின் நோக்கம் மறுமுறை நிகழாமல் தடுப்பதே; யார் மீதும் பழி சுமத்துவதன்று என்பது விமானப் போக்குவரத்தில் இந்தியா உள்பட உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட நெறி. அந்த நெறி விமான நிலைய வாசலோடு நின்றுவிடக் கூடாது. மருத்துவமனையில் மருந்து மாற்றிக் கொடுக்கவிருந்து கடைசி நொடியில் கவனித்த செவிலியர், பட்டாசு ஆலையில் சிறு தீப்பொறியை அணைத்த தொழிலாளி, மின் இணைப்பைத் துண்டிக்காமலே கம்பத்தில் ஏறிப் பாதியில் இறங்கிய மின் ஊழியர் ஆகிய எல்லோரிடமும் ஒவ்வொரு பாடம் இருக்கிறது. அதை அவர்கள் யாரிடம் சொல்வது? சொன்னால் பணியிடை நீக்கமும் விளக்கக் குறிப்பாணையும்தான் வரும் என்றால், மௌனமே அறிவார்ந்த தேர்வாகிவிடும்.

தண்டிக்கும் அதிகாரம் இல்லாத, நம்பகமான ஓர் அமைப்பு ஒவ்வொரு துறைக்கும் வேண்டும். அது பெறும் அறிக்கைகள் பெயர் நீக்கப்பட்டு, அதே பணியில் உள்ள அனைவரையும் சென்றடைய வேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு பெரிய விபத்துக்கு அரசு வழங்கும் இழப்பீட்டுத் தொகையோடு ஒப்பிட்டால் அற்பமானது. தப்பிய விபத்து கட்டணமில்லாமல் பாடம் நடத்துகிறது. அதைக் கேட்க மறுத்தால், அதே பாடத்தை உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்க நேரிடும்.